வளரிளம் பருவத்தினரின் மனநலமும் சமூகநீதிக் கோரிக்கையே

2022 ஜூலை 25 அன்று, திருவள்ளூரை அடுத்த கீழச்சேரியில், அரசு உதவி பெறும் பள்ளியொன்றின் விடுதியில் தங்கிப் பயின்ற பன்னிரண்டாம் வகுப்பு மாணவி உயிரிழந்தார். கள்ளக்குறிச்சி மாவட்டம் கனியாமூர் தனியார் பள்ளி மாணவியின் மரணம் தமிழகத்தை உலுக்கி அப்போது பன்னிரண்டு நாள்களே ஆகியிருந்தன. கீழச்சேரி வழக்கும் சிபிசிஐடிக்கு மாற்றப்பட்டது. காவலர்கள் குவிக்கப்பட்டனர், தொலைக்காட்சிகள் சில நாள்கள் விவாதித்தன, பிறகு அடுத்த செய்தி வந்தது.

சரியாக மூன்று ஆண்டுகள் கழித்து, 2025 ஜூலை 25 அன்று, விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி பெற்றுவந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு, மாணவர் மனநலம் குறித்து 15 வழிகாட்டு நெறிகளை வகுத்து, உரிய சட்டம் இயற்றப்படும்வரை அவை நாடு முழுவதும் கட்டுப்படுத்தும் என்று அறிவித்தது. பள்ளிகள், கல்லூரிகள், பயிற்சி மையங்களோடு விடுதிகளையும் அத்தீர்ப்பு உள்ளடக்குகிறது.

தேதிகள் ஒன்றானது தற்செயல். ஆனால் இரு தேதிகளுக்கும் இடையில் நாம் கற்றுக்கொள்ளத் தவறிய ஒன்று உண்டு. ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த வளரிளம் பருவத்தினரின் மனவேதனையைப் பள்ளியும் அரசும் ஊடகமும் அவர்களுடைய தனிப்பட்ட பலவீனமாகவே பார்க்கின்றன. அதை உரிமைப் பிரச்சினையாகப் பார்க்க நமது இயக்கங்களும் பழகவில்லை. மரணம் நேர்ந்தபின் நீதி கேட்கிறோம். அதற்கு முந்தைய இரவுகளில் அந்தப் பிள்ளையின் அருகில் யார் இருந்தார்கள் என்று கேட்பதில்லை.

பருவமும் அவமதிப்பும்

பத்து முதல் பத்தொன்பது வயது வரையிலான காலத்தை உலக சுகாதார நிறுவனம் வளரிளம் பருவம் என்று வரையறுக்கிறது. இவ்வயதினரில் ஏழில் ஒருவர் ஏதேனும் ஒரு மனநலச் சிக்கலோடு வாழ்கிறார் என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, இந்தியாவில் 13 முதல் 17 வயது வரையிலானோரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கண்டறிந்தது. பெரியவர்களிடம் நாம் காணும் மனநோய்களில் பெரும்பகுதி இந்தப் பருவத்திலேயே முளைவிடுகிறது.

மூளையின் வளர்ச்சியில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. உணர்ச்சிகளை எழுப்பும் பகுதிகள் முந்தி முதிர்கின்றன. அவற்றை எடைபோட்டு நிதானிக்கச் செய்யும் முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதிவரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஆகவேதான் சக வயதினரின் ஏற்பும் புறக்கணிப்பும் இந்த வயதில் அவ்வளவு ஆழமாகத் தைக்கின்றன. 'நான் யார்?' என்ற கேள்வியைப் பிள்ளைகள் தமக்குள் கேட்கத் தொடங்கும் காலமும் இதுவே.

அதே காலத்தில்தான் ஒரு தலித் சிறுவனுக்கும் சிறுமிக்கும் ஊர் தன்னுடைய விடையைச் சொல்லத் தொடங்குகிறது. கல்வி உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் உரக்க வாசித்து எழுந்து நிற்கச் சொல்லும்போது சொல்கிறது. நண்பனின் வீட்டு வாசலோடு நிறுத்தப்படும்போது சொல்கிறது. சக மாணவனின் கையில் கட்டிய வண்ணக் கயிறு அவன் எந்தச் சாதி என்பதை அறிவிக்கும்போதும் சொல்கிறது. இவை ஒவ்வொன்றும் சிறியவை என்று பெரியவர்கள் கடந்துபோகலாம். பதினான்கு வயதுப் பிள்ளையால் அப்படிக் கடந்துபோக முடிவதில்லை.

அண்ணல் அம்பேத்கரின் தன்வரலாற்றுக் குறிப்புகளே இதற்குச் சான்று. 1901இல் தந்தையைக் காணப் புறப்பட்ட அச்சிறுவர்கள், மசூர் ரயில் நிலையத்தில் தாங்கள் மகர் என்று சொன்ன கணத்தில் நிலைய அதிகாரியின் முகம் மாறியதையும், வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்ததையும், இரவு முழுவதும் குடிநீர் கிடைக்காமல் பயணம் செய்ததையும் அவர் நடுவயதிலும் துல்லியமாக நினைவுகூர்கிறார். பள்ளியில் அமர்வதற்குத் தாமே ஒரு சாக்குத் துணியைக் கொண்டுபோனதையும், பியூன் இல்லாத நாளில் தண்ணீர் இல்லாமல் இருந்ததையும் எழுதுகிறார். உலகின் உயர்ந்த பல்கலைக்கழகங்களில் பட்டங்கள் பெற்ற பின்னும் ஆறாமல் இருந்த காயம் அது. அவமதிப்பு மனநலத்தைப் பாதிக்குமா என்று இன்றும் ஐயம் கொள்வோர் அக்குறிப்புகளைப் படிக்கட்டும்.

புகைபோக்கிகளின் நிழலில்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயிலில் வந்தால் 1,500 மெகாவாட் திறன்கொண்ட வள்ளூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை ஆகிய ஊர்களைக் கடந்தால் கும்மிடிப்பூண்டி சிப்காட். நிலமற்ற சேரி மக்களை இத்தொழிற்சாலைகள் பண்ணைக் கூலியிலிருந்து விடுவிக்கும் என்று ஒரு காலத்தில் நம்பப்பட்டது. நம் மக்களில் மிகப் பலருக்குக் கிடைத்தது ஒப்பந்தக் கூலி வேலையே. தந்தை இரவுப் பணியில் இருப்பார். தாய் விடியுமுன் துப்புரவுப் பணிக்குப் புறப்படுவார். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பதின்மூன்று வயது மகளின் தலையில் விழும். பதினாறு வயதில் படிப்பை நிறுத்திய மகன் சுமை ஏற்றும் வேலைக்குப் போவான். பதினெட்டு வயது நிரம்பாதோரை அபாயகரமான தொழில்களில் அமர்த்தக் கூடாது என்று 2016இல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. பசியோ சட்டத்தைப் படித்துவிட்டு வருவதில்லை.

இம்மாவட்டத்தில் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களும் வாழ்கின்றன. சூளைக்குச் சூளை இடம்பெயர்ந்த குழந்தை ஒரே பள்ளியில் தொடர்ந்து படித்திராது. சாதிச் சான்றிதழ் கிடைக்காததால் மேல்வகுப்புக்குச் செல்லத் தயங்கும் பிள்ளைக்குத் தன் எதிர்காலம் ஓர் அலுவலகக் கோப்பில் முடங்கிக் கிடப்பதாகத் தோன்றினால் அதில் வியப்பில்லை.

தொழிற்பேட்டை வந்ததால் சாதி போய்விடவும் இல்லை. கும்மிடிப்பூண்டி ஒன்றியம் ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண்மணியான அமிர்தம், 2020 ஆகஸ்ட் 15 அன்று தேசியக் கொடியை ஏற்றவிடாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியாகிக் கண்டனம் எழுந்த பின்னர், ஐந்து நாள்கள் கழித்து மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். அதே வட்டத்தின் தோக்கமூரில் தலித் மக்களை மறித்து நின்ற தீண்டாமைச் சுவர் 2022 அக்டோபரில்தான் அகற்றப்பட்டது.

இவற்றை நாம் வன்கொடுமைச் செய்திகளாக மட்டுமே பதிவு செய்கிறோம். அச்சுவரைத் தினமும் பார்த்தபடி பள்ளிக்குப் போன பிள்ளை தன்னைப் பற்றி என்ன நினைத்திருக்கும்? ஊரின் முதல் குடிமகளுக்கே கொடிக்கயிறு மறுக்கப்பட்டதை அறிந்த எட்டாம் வகுப்பு மாணவி, படித்து முன்னேறு என்ற அறிவுரையை எப்படிக் கேட்டிருப்பாள்? சுவரை இடித்ததற்கு நாள் குறிக்க முடிகிறது. அது மனத்தில் எழுப்பிய சுவரைப் பற்றி எவரும் விசாரணை நடத்தவில்லை.

வருகைப் பதிவேடு சொன்ன செய்தி

நாங்குநேரியை நினைவுகூர்வோம். 2023 ஆகஸ்ட் 9 இரவு, பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவரையும் அவருடைய தங்கையையும் உடன் பயின்ற ஆதிக்கச் சாதி மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். இத்தாக்குதலைத் தமிழகம் அறியும். அதற்கு முந்தைய நாள்களில் அம்மாணவர் பள்ளிக்குச் செல்லாமல் இருந்தார் என்பதை நாம் போதிய அளவு பேசவில்லை. சக மாணவர்களின் தொடர்ந்த சீண்டலைத் தாங்க முடியாமல் அவர் வீட்டிலேயே இருந்தார். பள்ளி விசாரித்தபோதுதான் உண்மை வெளிவந்தது, புகார் எழுதப்பட்டது, அதற்குப் பழிவாங்கவே அரிவாள் வந்தது.

பள்ளிக்கு வராமை என்பது வேதனையின் முதல் மொழி. வளரிளம் பருவத்தினர் பெரும்பாலும் 'எனக்கு மனச்சோர்வாக இருக்கிறது' என்று சொல்வதில்லை. தலைவலி என்பார்கள், வயிற்றுவலி என்பார்கள். காலையில் மயங்கி விழுவார்கள். நன்றாகப் படித்த பிள்ளையின் மதிப்பெண் திடீரெனச் சரியும். தூக்கம் குலையும், சாப்பாடு இறங்காது. பேசிக்கொண்டிருந்தவர் ஒடுங்குவார், அமைதியாக இருந்தவர் எரிந்து விழுவார். இரண்டு வாரங்களுக்கு மேல் இவை நீடித்தால் கவனிக்க வேண்டும் என்பது மனநல மருத்துவத்தின் அடிப்படைப் பாடம். சேரிப் பிள்ளையிடம் இதே அறிகுறிகள் தென்படும்போது கிடைக்கும் பெயர்கள் வேறு: சோம்பேறி, திமிர் பிடித்தவன், படிப்பு ஏறாதவள். வேதனையைக் குணக்கேடாக மொழிபெயர்க்கும் இந்த வழக்கம் சாதியின் பார்வையிலிருந்து பிறந்தது.

நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு, 2024 ஜூன் 18 அன்று முதலமைச்சரிடம் அறிக்கை அளித்தது. வண்ணக் கயிறுகளுக்கும் சாதி அடையாளங்களுக்கும் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குதல் ஆகிய பரிந்துரைகள் பரபரப்பாக விவாதிக்கப்பட்டன. ஐந்நூறு மாணவர்களுக்கு மேல் பயிலும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் பணியிடம் வேண்டும், ஒன்றியந்தோறும் பயிற்சி பெற்ற ஆண், பெண் ஆலோசகர்கள் வேண்டும் என்பவையும் அதே அறிக்கையில் உள்ளன. கயிறு பற்றிய விவாதத்தின் இரைச்சலில் இவை கேட்கவில்லை. பிள்ளைகளின் உயிரோடு நேரடியாகத் தொடர்புடைய பரிந்துரைகள் இவையே.

எண்ணிக்கையில் இல்லாதவர்கள்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் உயிரிழந்தனர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்தபடியாக, 1,416 மாணவர்களை இழந்த மாநிலம் தமிழ்நாடு. கல்வியில் முன்னணி மாநிலம் என்று பெருமை கொள்ளும் நாம் இந்த எண்ணையும் சேர்த்தே சுமக்க வேண்டும்.

அவ்வறிக்கை காரணங்களையும் பட்டியலிடுகிறது. குடும்பப் பிரச்சினை, நோய், காதல் விவகாரம், தேர்வில் தோல்வி என்று தலைப்புகள் நீள்கின்றன. சாதிய அவமதிப்பு என்றொரு தலைப்பு அங்கே இல்லை. மாண்டவரின் சமூகப் பிரிவைச் சொல்லும் பத்தியும் அட்டவணைகளில் இல்லை. கணக்கில் வராத துயரத்துக்கு நிதி ஒதுக்கீடும் வராது. காவல் நிலையத்தில் முதல் அறிக்கை எழுதும்போதே 'காதல் தோல்வி', 'தேர்வு பயம்' என்று ஒரு காரணம் ஒட்டப்பட்டுவிடுகிறது. அந்தத் தேர்வு பயத்துக்குப் பின்னால், தன் வீட்டின் முதல் பட்டதாரியாக வேண்டிய ஒருவர்மீது மூன்று தலைமுறையின் எதிர்பார்ப்பு சுமத்தப்பட்டிருந்ததா, வகுப்பில் 'கோட்டா' என்ற ஏளனம் இருந்ததா என்று எவரும் கேட்பதில்லை.

பெயர்கள் மாறின, பணியிடங்கள்?

2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே ஆண்டு ஜூலையில், 1,79,568 மாணவர்கள் தங்கிப் பயிலும் 2,739 அரசு விடுதிகள் 'சமூகநீதி விடுதிகள்' என்று பெயர் பெற்றன. இப்பெயர் மாற்றங்களை நாம் வரவேற்கிறோம். இழிவின் சொற்கள் ஆவணங்களிலிருந்து அகல வேண்டியவையே.

பெயர்ப்பலகைக்குக் கீழே வாழும் பிள்ளையின் நிலை என்ன என்பதே நமது அடுத்த கேள்வி. பதினோரு வயதில் வீட்டைப் பிரிந்து விடுதிக்கு வரும் குழந்தை, இரவு பத்து மணிக்கு அழுதால் யாரிடம் போக வேண்டும்? உச்ச நீதிமன்றத்தின் நெறிகள் இதற்கு விடை தருகின்றன. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிறுவனத்தில் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய நிறுவனங்கள் வெளியிலுள்ள மனநல வல்லுநர்களுடன் முறையான தொடர்பை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். பணியாளர் அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறையாவது பயிற்சி தரப்பட வேண்டும். பட்டியலினத்தவர், பழங்குடியினர் உள்ளிட்ட விளிம்புநிலை மாணவர்களைப் பாகுபாடின்றி அணுகவும் அவர்கள் பயிற்றுவிக்கப்பட வேண்டும். சாதி அடிப்படையிலான கொடுமைப்படுத்தலைப் புகார் செய்யும் இரகசிய வழிமுறை வேண்டும். நிறுவனத்தின் அலட்சியம் ஒரு மாணவரின் உயிருக்குக் கேடு விளைவித்தால், அது நிறுவனத்தின் குற்றமாகவே கருதப்படும்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் நம் பக்கம் நிற்கிறது. அரசு நடத்தும் அல்லது நிதியளிக்கும் சேவைகளில் மனநலப் பராமரிப்பு பெறுவதை அதன் 18ஆம் பிரிவு ஒவ்வொருவரின் உரிமையாக்குகிறது. அவ்வுரிமையில் சாதியின் பெயரால் பாகுபாடு கூடாது என்றும் வெளிப்படையாகச் சொல்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 115ஆம் பிரிவு. இவை நாம் கெஞ்சிப் பெற வேண்டிய சலுகைகள் அல்ல.

சகிக்கக் கற்றுக்கொடுப்பதா ஆலோசனை?

ஓர் எச்சரிக்கை தேவை. ஆலோசகர் வந்துவிட்டால் போதும் என்று நாம் சொல்லவில்லை. சாதியை அறியாத, அல்லது அறிய மறுக்கும் ஆலோசகர், 'அவர்கள் சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, படிப்பில் கவனம் செலுத்து' என்றே கூறுவார். அது அநீதியைச் சகிக்கப் பழக்கும் பயிற்சி. பிள்ளை சொல்வதைக் கேட்டுவிட்டுத் தேவைப்பட்டால் தலைமையாசிரியரிடம், குழந்தைகள் நலக் குழுவிடம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திடம் கொண்டுசெல்லும் துணிவு ஆலோசகருக்கு வேண்டும். உளவியலும் சமூகப் பணியும் பயின்ற தலித், பழங்குடி இளைஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அப்பணியிடங்களில் அவர்கள் அமர வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. எல்லா மனநோயும் சாதியால் வருவதில்லை. மனச்சோர்வும் மனச்சிதைவும் எந்த வீட்டிலும் எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடிய நோய்கள். அவற்றுக்கு மருந்தும் சிகிச்சையும் உண்டு. 'எல்லாம் சமூகத்தின் குற்றம்' என்று சொல்லி ஒரு பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தாமதிப்பது, 'காற்று கருப்பு' என்று மந்திரவாதியிடம் அழைத்துப்போவதற்கு இணையான பிழை. நீதி இல்லாத ஆறுதல் பிள்ளையை அடங்கச் சொல்கிறது. ஆறுதல் இல்லாத நீதிப் போராட்டம் பிள்ளையை இரவில் தனியே விடுகிறது. நமக்கு இரண்டும் வேண்டும்.

நம்மிடமிருந்து தொடங்குவோம்

2017 செப்டம்பரில் அரியலூர் மாணவி அனிதாவையும், அதற்கு முந்தைய ஆண்டு ஐதராபாத்தில் ரோஹித் வெமுலாவையும் இழந்தோம். நியாயமான கோபத்தோடு வீதிக்கு வந்தோம். ஆனால் மரணத்தையே போராட்டத்தின் உச்ச வடிவமாகச் சித்திரிக்கும் சுவரொட்டிகளையும் ஒட்டினோம். அதே வேதனையோடு அச்சுவரொட்டியைப் பார்க்கும் மற்றொரு பிள்ளைக்கு அது என்ன சொல்கிறது என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. இறந்த விதத்தை விவரிப்பதையும், மரணத்தைத் தியாகமாகப் புகழ்வதையும் நாம் நிறுத்த வேண்டும். உயிரோடு இருந்து போராடும் நாங்குநேரி மாணவர், வெட்டுக் காயங்களோடு பன்னிரண்டாம் வகுப்பில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றவர், நமது மேடைகளில் இன்னும் அதிகமாகப் பேசப்பட வேண்டியவர்.

நமது இரவுப் பாடசாலைகளும் மாலைநேரப் பயிற்சி மையங்களும் பிள்ளைகளின் பேச்சைக் கேட்கும் இடங்களாக வேண்டும். அங்கே பாடம் சொல்லித்தரும் கல்லூரி மாணவர்கள் செய்யக்கூடியது அதிகம். அறிவுரையை ஒத்திவைத்துக் கேளுங்கள். 'இதெல்லாம் ஒரு பிரச்சினையா?' என்று சொல்லாதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று ஐயம் எழுந்தால் நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகாது, பேச வழி கிடைத்த நிம்மதியே உண்டாகும். 'ஆம்' என்று பதில் வந்தால் தனியே விடாதீர்கள். ஆபத்தானவற்றை அப்புறப்படுத்திவிட்டு, பிள்ளை நம்பும் பெரியவர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு மருத்துவ உதவிக்கு அழைத்துச் செல்லுங்கள். டெலிமானஸ் 14416, தமிழக அரசின் 104, குழந்தைகளுக்கான 1098 ஆகிய எண்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா அமைப்பும் உதவுகிறது. அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குச் செல்வதில் வெட்கப்பட ஏதுமில்லை.

வன்கொடுமை நேர்ந்த ஊர்களுக்கு உண்மை அறியும் குழுக்களை அனுப்புகிறோம். இனி அக்குழுக்களில் மனநலப் பணியாளர் ஒருவரும் இருக்கட்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு பேசும் சமூகப் பொருளாதார மறுவாழ்வில், பாதிக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகளின் மனநலப் பராமரிப்பும் அடங்க வேண்டும் என்று சிறப்பு நீதிமன்றங்களில் கோருவோம்.

உடனடியாகச் செய்யக்கூடிய ஒரு பணி நம் கையில் இருக்கிறது. திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டங்களில் உள்ள ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும், அரசு உதவி பெறும் பள்ளிக்கும், சமூகநீதி விடுதிக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மூன்று கேள்விகளை அனுப்புவோம். உங்கள் ஆலோசகர் யார்? வாரத்தில் எந்த நாள்களில் வருகிறார்? பணியாளர்களுக்குக் கடைசியாக எப்போது மனநலப் பயிற்சி தரப்பட்டது? விடை வராத இடங்களைப் பட்டியலிட்டு மாவட்ட ஆட்சியர் முன் வைப்போம். கல்லூரி மாணவர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் ஒரே மாதத்தில் இதைச் செய்து முடிக்கலாம். மற்றொரு மரணம் வந்து நம்மை எழுப்பும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.